ஏலமலை

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் ஊர்களுக்கு மேற்கே எழுந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் பரந்து கிடக்கும் மேட்டுநிலமே ஏலமலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் செங்குத்துச் சரிவு. சிலமலை, ராசிங்காபுரம் வயல்களில் நின்றால் அது கோட்டைச் சுவர் போலத் தெரியும். மெட்டு எனப்படும் மலைமுகட்டில் ஏறியதும் நிலம் அலை அலையாக மேற்கே தாழ்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேல்பக்கம் வாங்கிக்கொள்வதால் அடிவாரம் மழை குறைந்த பூமியானது. மேல்பக்கத்து நீர் பெரியாற்றுக்கும், போடிப் பக்கத்து நீர் கொட்டக்குடி ஆறு வழியே வைகைக்கும் போகின்றன.

முதுவர், மன்னான், பளியர், ஊராளி ஆகியோர் இம்மலையின் பழங்குடிகள். முதுவரும் மன்னானும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே சொல்கிறார்கள். மதுரை மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றதாக ஒரு வழக்கு உண்டு. மன்னான்களுக்குக் கட்டப்பனை அருகே கோவில்மலையில் ராஜமன்னான் என்னும் தலைவர் இன்றும் இருக்கிறார். மலையின் பெரும்பகுதி பூஞ்சாறு அரசர்கள் வசம் இருந்தது. அவர்களும் பாண்டிய மரபினராகத் தங்களைச் சொல்லிக்கொண்டவர்களே. மலைக்கும் மதுரைக்கும் இருந்த உறவு எல்லைக்கோட்டை விட மிகப் பழையது.

1877-இல் பிரிட்டிஷ்காரரான ஜான் டேனியல் மன்றோ, வடக்கே அடுத்திருந்த கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாறு அரசரிடமிருந்து பெற்றார். அங்கே தேயிலை வளர்ந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் போடி வழியாக வெளியூர் போயின. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்த மலை ரயிலை 1924 வெள்ளம் அடித்துச் சென்றது. மதுரை–போடி ரயில் 1928-இல் வந்தது. ஏலக்காயின் கதை வேறு. திருவிதாங்கூர் அரசு முதலில் அதைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. பிறகு குத்தகைக்கு நிலம் பெற்றவர்களில் போடி, கம்பம் பகுதியினர் பலர். பெருமரங்களை நிழலுக்காக விட்டு அடிக்காட்டை மட்டும் நீக்கிப் பயிரிடுவது ஏலத்தின் முறை. அதனால் தேயிலைக்கு அழிந்ததைப் போல இங்கே காடு முற்றிலும் அழியவில்லை.

காடா, தோட்டமா என்ற கேள்வியே பின்னாளில் வழக்காயிற்று. 1897-ஆம் ஆண்டு அறிவிக்கையில் காப்புக்காடாகக் குறிக்கப்பட்டது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரேயோர் இலக்கத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பட்டா தொங்கிக் கொண்டிருக்கிறது.

மலையின் மிகப் பெரிய காயம் மொழிவழி மாநிலப் பிரிவினையில் நேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அதன் தலைவர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11-இல் கன்னியாகுமரிப் பகுதியிலுள்ள மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வராக இருந்தவர் பட்டம் தாணு பிள்ளை. அவருடைய அரசின் குடியேற்றத் திட்டம் சமவெளி மலையாளக் குடும்பங்களை உயர்மலைக்குக் கொண்டுவந்தது. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மை என்பதை மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிந்திருந்தது. ஆயினும் தோட்டத் தொழிலாளர் நிலையாகத் தங்காதவர்கள் என்ற வாதமும் பொருளாதாரக் காரணங்களும் மேலோங்கின. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பாகமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை வந்துபோகிறவர்களாகக் கணக்கிட்டது அநீதிதான்.

குடியேறிய மலையாள விவசாயிகளும் அமைதியாக வாழ முடியவில்லை. இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக 1961-இல் அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்டோர் குமுளி அருகே அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்டனர்; அவர்களுக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். இடுக்கி மாவட்டம் 1972-இல் உருவானது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி மலையிறங்கினர். தேனி மாவட்டத்து மக்கள் திரண்டு குமுளியை நோக்கிச் சென்றனர். 2015-இல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துத் தாங்களே கூலிக்கும் போனசுக்கும் போராடினர். பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் 'பொம்பளை ஒருமை' என அது அழைக்கப்பட்டது. 2018 மார்ச் 11-இல் போடி அருகே குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றம் வந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

உலக ஏலக்காய்ச் சந்தையில் கவுதமாலா இந்தியாவை முந்திய பிறகும், இம்மலையின் காய் போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. எடுப்புக் காலத்தில் போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து பெண்கள் விடியும் முன்பே ஜீப்புகளில் மெட்டு ஏறி, செடியின் அடியில் படர்ந்த சரங்களிலிருந்து பச்சைக் காய் எடுத்து, இருட்டும் நேரம் இறங்குகிறார்கள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக உடும்பன்சோலைக்குச் சாலை வேண்டும் என்பது அடிவார ஊர்களின் நெடுங்காலக் கோரிக்கை.