கூரை இல்லாத வண்டி

1886இல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய காருக்குக் கூரையே கிடையாது. 1920களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவிலேயே துணிக்கூரை வண்டிகள்தான் அதிகம் விற்றன. மூடிய கார் விலை கூடியது. பிறகு எல்லாம் தலைகீழ். மூடிய கார் சாதாரணமாகி, திறந்த கார் ஆசைப்பொருளாயிற்று. 1990களின் இறுதியில் நம்மூரிலும் ஒன்று வந்தது, கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம்: ஃபைபர் உடல், ரெனோ எஞ்சின், இரண்டே இருக்கை. தரையோடு தரையாகக் கிடக்கும்.

ராஜபாளையத்தில் அறுபத்தெட்டு வயது அண்ணாச்சி ஒருவர் அதைத்தான் தேடினார். உட்கார்ந்தும் பார்த்தார். "ஏறுறது கெடக்கட்டும், எறங்க முட்டி ஒத்துக்கிடணுமே தம்பி!" இந்த வயதில் கார் பார்க்கிறவர் குதிரைத்திறனைவிட இருக்கையின் உயரத்தைத்தான் முதலில் அளக்கணும். புட்டம் கீழே இறங்கவும் கூடாது, எக்கி ஏறவும் கூடாது.

நம் பக்கத்துத் திறந்த வண்டி எப்போதும் ஜீப்தான். 1940களின் கடைசியிலிருந்தே மகிந்திரா அதை இங்கே பூட்டிவந்தது. 2020இல் வந்த தாரிலும் துணிக்கூரை இருந்தது, ஆனால் ஏறுவது மாடிப்படி ஏறுகிற மாதிரி.

அண்ணாச்சி பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் ஒரு படி வெல்டிங் வைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விடிகாலையில் மட்டும் துணியைக் கழற்றுகிறார். எட்டு மணி வெயிலுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.