105 ஏக்கரும் அரை கிரவுண்டும்

செம்பரம்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய மனை ஒரு கிரவுண்ட். வீடு போகப் பின்னால் அரை கிரவுண்ட் மிச்சம். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் எடுத்து, உள்ளே பவளமல்லி, நந்தியாவட்டை, ஒரு கல் பெஞ்சு போடணும். சாயங்காலம் அங்கே உட்கார்ந்தா உலகம் கண்ணில் படக் கூடாது. திட்டம் அவ்வளவுதான். ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும், இதை நமக்கு முன்னால் யார் செய்தார்கள் என்று தேடப் போய்விடுவேன்.

தேடினால், சென்னையில் பெரிய ரோடுகளின் பேரே பழைய தோட்டங்களின் கதைதான். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நெரிசலும் புழுக்கமும் தாங்காத கம்பெனி ஆட்கள் வெளியே 'தோட்ட வீடு' கட்டிக்கொண்டார்கள். ஆனால் கோட்டைக்கு வெளியே போவது லேசான காரியமில்லை. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கம்பெனியின் தோட்ட வீட்டையே இடித்துத் தள்ளினார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1753இல் மதேரோஸ் குடும்பத்திடம் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டைக் கம்பெனி வாங்கியது. பின்னாளில் அதுவே அரசினர் மாளிகை. அதன் தோட்டத்தில் எழுந்த விருந்து மண்டபத்தை இன்று ராஜாஜி ஹால் என்கிறோம். 1769இல் ஐதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் வாசல் வரைக்கும் வந்தது. 1780இல் திரும்பவும் அதே பீதி.

இந்தக் காலத்தில்தான் ஜார்ஜ் மோப்ரே வருகிறார். 1771இல் கணக்கராக வந்தவர், அடையாற்றின் வடகரையில் சுமார் 105 ஏக்கரை வளைத்து, மேலே குவிமாடம் வைத்த வீடு கட்டினார். 105 ஏக்கர் என்றால் நம்ம கணக்கில் ஏறக்குறைய 1,900 கிரவுண்ட்! அந்த வீட்டில்தான் பிற்பாடு அடையார் கிளப் நடந்தது. 1963இல் அது மெட்ராஸ் கிளப்போடு சேர்ந்தது. மோப்ரேஸ் ரோடு இப்போது டி.டி.கே. சாலை. கொஞ்சம் கிழக்கே, ஆற்றோரமாக, ஜேம்ஸ் பிராடி கட்டிய 'பிராடி காசில்' இன்று இசைப் பல்கலைக்கழகம். எதிர்க்கரையில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882இல் பிரம்மஞான சபை வாங்கியது. அப்போது அது 27 ஏக்கர்.

தனிமை என்று இதை எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. கோடையில் அந்தப் புல்வெளி பச்சையாக இருக்க ஏற்றம் இறைத்தவர்கள், வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக்கொண்டே இருந்தவர்கள், பல்லக்குத் தூக்கியவர்கள் எல்லாரும் அதே மதிலுக்குள் இருந்தவர்கள்தானே? ஓவியங்களில் அவர்கள் ஓரமாக, எறும்பு மாதிரி தெரிகிறார்கள்.

இதெல்லாம் படித்துவிட்டு மேஸ்திரியோடு நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்தார்.

"தம்பி, பின்னாடி செவுரு எடுக்கறீங்களா? இது மடைத்தண்ணி போன வாய்க்கா. நீங்க அடைச்சா அது எம்பக்கம்தான் திரும்பும்."

பத்திரத்தில் மனை எண்தான் இருக்கிறது, வாய்க்கால் இல்லை. ஆனால் தரையைப் பார்த்தால் தெரிகிறது, லேசான பள்ளம் ஒன்று குறுக்கே ஓடுகிறது. இது ஏரிப் பாசன நஞ்சை. மோப்ரேயின் தோட்டத்தைத் தொட்டு ஓடிய அதே அடையாற்றில்தான் எங்கள் ஏரியின் உபரி நீர் திருநீர்மலைப் பக்கம் போய்ச் சேருகிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள ஏரி. 2015 டிசம்பர் 1 இரவு அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும். தண்ணீருக்குப் பழைய வழி மறப்பதில்லை. மனை போட்டவர்களுக்குத்தான் மறந்துபோகிறது.

பின்பக்கச் சுவரை விட்டுவிட்டேன். பள்ளத்தைத் தூர்க்காமல் ஓரமாக வாழை வைத்தாயிற்று. கன்று பெரியவர் கொடுத்தது. கம்பி வேலியில் சங்குப்பூ படர்கிறது. கல் பெஞ்சும் வந்துவிட்டது, ஆனா உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னா தம்பி, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று குரல் வந்துவிடுகிறது.