தாய்நல வலையமைப்பு (இலங்கை)

கர்ப்பிணியின் வீட்டுவாசல் முதல் மகப்பேற்று நிபுணரின் சத்திரசிகிச்சைக்கூடம் வரை பல நிலை மருத்துவப் பணியாளரை இணைக்கும் ஏற்பாடு. திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரத்திலுள்ள நிலாவெளியில், குடும்பநல உத்தியோகத்தர் (பொதுச் சுகாதார மருத்துவிச்சி), சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, உள்ளூர் வைத்தியசாலை, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை ஆகியவை இதன் கண்ணிகள்.

தோற்றம்: 1926இல் ரொக்பெல்லர் நிறுவன உதவியுடன் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்பாரும் உளர். 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 உயிர்களைப் பறித்தபின் கிராமப்புற மருத்துவ நிலையங்கள் பெருகின. 1930களின் தொடக்கத்தில் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய்மரணம் 1950களில் ஏறத்தாழ 500 ஆயிற்று. மலேரியா ஒழிப்பே காரணம் என்பர் சிலர். பயிற்சிபெற்ற மருத்துவிச்சிகளும் வைத்தியசாலைப் பிரசவமும் என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் பங்குண்டு எனக் கொள்ளலாம்.

இயங்குமுறை: கர்ப்பிணிப் பதிவேட்டின் ஒரு படி தாயின் கையிலும் மற்றொரு படி குடும்பநல உத்தியோகத்தரிடமும் இருக்கும். இரத்த அழுத்தம், எடை, முந்தைய பிரசவ விவரம் எல்லாம் அந்த மடித்த அட்டையிலேயே உண்டு. நள்ளிரவில் நகர வைத்தியசாலைக்கு வரும் தாயை முன்பின் அறியாத வைத்தியரும் அதைப் பார்த்தே சிகிச்சையைத் தொடங்குகிறார். தாய்மரணம் நேர்ந்தால் கள உத்தியோகத்தரும் நிபுணர்களும் கூடி ஆராய்வர். குற்றவாளியைத் தேடாமல் தவறிய இடத்தைத் தேடுவதே இந்த ஆய்வின் நெறி. பணியாளர் அஞ்சாமல் உண்மை சொல்வதற்கு இந்நெறியே வழிசெய்கிறது.

தடைகள்: உள்நாட்டுப் போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளும் நிபுணர் பற்றாக்குறையும் இணைப்பைக் குலைத்தன. 2004 ஆழிப்பேரலையில் அதே மாவட்டத்திலுள்ள கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. 2009இல் 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்குள்ள நோயாளர் படகுப்பாதையில் கடந்தே திருகோணமலையை அடைந்தனர். தமிழ் பேசும் தாய்க்கும் சிங்களம் பேசும் வைத்தியருக்கும் இடையிலான மொழித் தடை இன்னொரு குறையாகும்.

அண்மைக்காலம்: 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் தட்டுப்பாடு வீட்டுத் தரிசிப்புகளைப் பாதித்தது, வைத்தியர் பலர் வெளிநாடு சென்றனர். ஆயினும் தாய்மரண விகிதத்தில் தெற்காசியாவின் மிகக் குறைந்த நிலைகளுள் ஒன்றில் இலங்கை உள்ளது.