விமானத்தில் போன வைத்தியர்

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரி வாசலை நம் பக்கத்துக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்த்துவிட்டு, மதுரைக்கும் போய்விட்டு, கடைசியாகச் சென்னைக்குப் போவதுதானே வழக்கம். அந்த வாசல் பக்கம் ஒரு சிலை நிற்கிறது. நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சிலையைப் பார்க்க எங்கே நேரம்? யாரோ அரசியல் தலைவர் என்று நினைத்துத் தாண்டிவிடுவோம்.

அது டாக்டர் ரங்காச்சாரியின் சிலை. 1939-இல் வைத்தது. கவர்னர்களுக்கும் ராஜாக்களுக்கும் சிலை வைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் காலத்தில், நம் நாட்டு டாக்டர் ஒருவருக்குச் சிலை எழும்பியது என்றால் அவர் மேல் ஜனங்களுக்கு எவ்வளவு பிரியம் இருந்திருக்க வேண்டும்!

கும்பகோணம் பக்கத்தில் சருக்கை என்ற சிற்றூர்க் குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1904-இல் பட்டம் பெற்றார். 1906-இல் அரசாங்க வேலையில் சேர்ந்து பல ஊர்களில் பணியாற்றினார். 1919-இல் எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர் ஆனார். உயர்ந்த மருத்துவப் பதவிகளில் பெரும்பாலும் வெள்ளைக்கார ஐ.எம்.எஸ். அதிகாரிகளே உட்கார்ந்திருந்த காலம் அது. அப்படிக் கிடைத்த உத்தியோகத்தை 1922-இல் விட்டுவிட்டுச் சொந்தமாக வைத்தியம் பார்க்க வந்துவிட்டார். அறுவை சிகிச்சையும் பிரசவமும் அவருக்குக் கைவந்த கலை.

அந்தக் காலத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பென்சிலின் கிடையாது. ரத்தம் ஏற்றுவது அபூர்வம். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, குடல் முறுக்கிக்கொண்டாலோ, ஒவ்வொரு மணி நேரமும் உயிரைத் தின்றுகொண்டே போகும். புண் சீழ் வைத்துவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் சீக்கிரம் போய்ச் சேருவதுதான் பாதி மருந்து. ரங்காச்சாரி இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். அதனால்தான் ஒரு விமானத்தையே வாங்கினார்.

அந்த விமானத்துக்குப் 'பஸ் மாத்' என்று பெயர். இங்கிலாந்தில் டி ஹாவிலாண்ட் கம்பெனி செய்தது. ஒற்றை இஞ்சின், மூடிய அறை. ஓட்டுபவரோடு இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் போகும். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தாரே, அதுவும் இதே வகை விமானம்தான். பம்பாயிலிருந்து அந்தத் தபால் பல்லாரி வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது. விமானம் என்றால் வீட்டை விட்டு ஓடிவந்து வானத்தை அண்ணாந்து பார்த்த காலம். அப்போது சென்னை டாக்டர் ஒருவர் அதில் ஏறி நோயாளி வீட்டுக்குப் போனார்.

அது விளையாட்டான காரியம் இல்லை. பஸ் மாத் விமானங்கள் சில, பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்திருக்கின்றன. காரணத்தைக் கண்டுபிடித்து இறக்கையைத் தாங்கும் கம்பிகளைச் சரிசெய்ய இரண்டு வருஷம் ஆயிற்று. ஹிங்க்ளர் என்ற பெயர்பெற்ற ஆஸ்திரேலிய விமானி 1933 ஜனவரியில் பஸ் மாத் ஓட்டிப் போய்த்தான் இத்தாலி மலையில் விழுந்து இறந்தார். வசதியான வீடும் கை நிறைய வருமானமும் உள்ள ஒருவர் இதில் ஏற வேண்டிய கட்டாயம் என்ன?

நம் பக்கத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் பாதை போட்டதே 1927-இல்தான். அதற்கு முன்னால் ஆலங்குளத்துக்காரர் ஒரு டாக்டரிடம் போக வேண்டுமானால் மாட்டு வண்டிதான். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ரயில் வந்த பிறகும் சென்னை ஒரு ராத்திரிப் பயணத்துக்கு மேல். அதே தூரத்தை அந்தச் சின்ன விமானம் நான்கு மணி நேரம் போலக் கடந்துவிடும். குடல் முறுக்கிக் கிடப்பவருக்கு இந்த வித்தியாசம் வெறும் நேரக் கணக்கு இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விமானம் இறங்கச் சமதரை வேண்டும், தந்தி கொடுக்க ஆள் வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும். கரிசல் காட்டுக் கூலிக்காரர் வீட்டு வாசலுக்கு எந்த விமானமும் வந்திருக்க முடியாது. ஆனால் ரங்காச்சாரியைப் பற்றிப் பழைய ஆட்கள் பேசும்போது விமானத்தைவிட வேறொன்றைத்தான் அதிகம் சொல்வார்கள். பணக்காரரிடம் வாங்குவார், ஏழையிடம் கேட்க மாட்டார், இரண்டு பேருக்கும் ஒரே கைதான் என்பார்கள். இரவில் அவர் தூங்கியது கொஞ்ச நேரம்தான் என்பார்கள். விமானம் அவருடைய அவசரத்துக்கு ஒரு அடையாளம். அந்த அவசரம் வாசலில் காத்துக்கிடந்த ஏழைக்கும் கிடைத்ததால்தான் ஊர் அவரைக் கொண்டாடியது.

1934-இல் அவருக்கே டைபாய்டு காய்ச்சல் வந்தது. நாம் விஷக்காய்ச்சல் என்று சொல்வோமே, அதுதான். எத்தனையோ பேரின் வயிற்றைத் திறந்து பிழைக்க வைத்தவருக்கு, அவருடைய கத்தியும் உதவவில்லை, விமானமும் உதவவில்லை. ஐம்பதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. டைபாய்டுக்குக் கேட்கும் குளோராம்பெனிகால் என்ற மருந்து 1948-இல்தான் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுப் பலன் தெரிந்தது. பதினான்கு வருஷம் பிந்திவிட்டது. நம் வீடுகளில் அந்தக் காலத்தில் காய்ச்சலில் போன பெரியப்பாக்களும் அத்தைகளும் இதே கதைதான்.

அவருடைய வாழ்க்கையை எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. கிடைத்தால் படியுங்கள், பேரப்பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது 108-க்குப் போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. மருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நெஞ்சு வலி வந்தால் வாயுவாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறோமே, அங்கே நாம் இன்னும் மாட்டு வண்டிக் காலத்தில்தான் இருக்கிறோம். நம்மிடம் வந்து சேர அந்த மனுஷர் ஆகாயத்தில் ஏறினார். நாம் வாசல் வரை எழுந்து போக ஏன் விடியும்வரை காத்திருக்க வேண்டும்?