சுங்க மதிலும் ஃபயர்வாலும்: தாம்பரம் முதல் சிறுசேரி வரை

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அருகே, ஜி.எஸ்.டி. சாலையோரம், 1984இல் மத்திய அரசு தொடங்கிய மெட்ராஸ் ஏற்றுமதிப் பதப்படுத்தும் மண்டலம், மக்கள் வழக்கில் மெப்ஸ், ஏறத்தாழ 262 ஏக்கரில் மதில் சூழ அமைந்தது. தீர்வையின்றி இறக்குமதியாகும் மூலப்பொருள் உள்ளே பண்டமாகி மீண்டும் வெளிநாட்டுக்கே போக வேண்டும், உள்நாட்டுச் சந்தைக்கு வந்தால் தீர்வை கட்டியாக வேண்டும் என்பதால் அதன் வாயிலில் சுங்கச் சோதனை நிலைபெற்றது. ஆலைகளுக்காக எழுந்த அந்த மதிலுக்குள்ளும், பின்னர் தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி எனப் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் குடியேறியபோது, கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது வேலி ஒன்றும் கூடவே வந்தது. தனியார் கணினி வலையமைப்புக்கும் பொது இணையத்துக்கும் நடுவே நின்று, வருவதையும் போவதையும் விதிப்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ஃபயர்வால்தான் அது. இப்புறநகரில் அதைக் கொண்டுவந்தது தாக்குதல் பற்றிய அச்சம் என்பதைவிட வெளிநாட்டு வாடிக்கையாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதே பொருந்தும்.

தொடக்ககால வலையமைப்புகளுக்கு வேலி கிடையாது. 1986இல் மத்திய மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் தொடங்கிய எர்நெட், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் பணியில் இறங்கியபோது, கணினிகளைச் சேர்ப்பதே கவலையாக இருந்தது. பிரிப்பது பற்றி எண்ண வேண்டிய தேவை எழவில்லை. அமெரிக்காவில் அந்தத் தேவை 1988 நவம்பர் 2 அன்று வந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளிவிட்ட, கணினிக்குக் கணினி தானே பரவிப் பெருகும் வோர்ம் என்ற வகை நிரல், சுமார் 6,000 கணினிகளைத் தாக்கியதாக அப்போது மதிப்பிடப்பட்டது. அதையடுத்த ஆண்டுகளில் டெக் என்ற கணினி நிறுவனத்திலும் பெல் ஆய்வகத்திலும் நடந்த வேலைகள் ஃபயர்வாலுக்கு உருக்கொடுத்தன. 1994இல் இஸ்ரேலின் செக் பாயிண்ட் நிறுவனம் அதைக் கடைச்சரக்காகவே ஆக்கிவிட்டது. ஆகவே 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, வேலியை விலைக்கு வாங்கும் வசதியும் இருந்தது.

அதன் செயல்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இணையத்தில் தகவல் பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகச் செல்கிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, எந்தச் சேவைக்கானது என்று காட்டும் போர்ட் எண் ஆகியவை இருக்கும். சுங்க அலுவலர் பெட்டியைப் பிரிக்காமல் சரக்குச் சீட்டை மட்டும் சரிபார்ப்பது போல, முதல் தலைமுறை ஃபயர்வால் இந்தத் தலைப்பை மட்டுமே படித்தது. அடுத்த தலைமுறைக்கு நினைவாற்றல் வந்தது: உள்ளிருந்து ஒரு கணினி வெளித்தளத்தின் 443ஆம் போர்ட்டுக்குக் கேள்வி அனுப்பினால் அது அட்டவணையில் பதிவாகும்; அதற்கான பதில் மட்டும் உள்ளே விடப்படும்; கேட்காமல் வரும் பாக்கெட் கைவிடப்படும். விதிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒப்பிடப்படும்; எதிலும் பொருந்தாததைத் தடுக்கும் விதி கடைசியில் நிற்கும்.

மென்பொருள் ஏற்றுமதி இதைவிடச் சிக்கலான ஒன்றைக் கோரியது. அமெரிக்க வங்கி ஒன்றின் நிரலைச் சென்னையிலிருந்து பராமரிக்க வேண்டுமானால், அந்த வங்கியின் தனி வலையமைப்பே லீஸ்டு லைன் வழியாக, அதாவது ஒருவருக்கென்றே ஒதுக்கப்பட்ட தொடர்பு வழியாக, இங்குள்ள ஒரு தளம் வரை நீள வேண்டும். அப்படி ஒரு வாடிக்கையாளருக்கென ஒதுக்கப்பட்ட கூடம் ஓ.டி.சி. எனப்பட்டது, வேறு அடையாள அட்டைக்குக் கதவு திறக்காது, பல கூடங்களில் கைபேசிக்கும் பென் டிரைவுக்கும் இடமில்லை. ஒரே கட்டடத்தில் போட்டி நிறுவனங்கள் இரண்டின் வேலை அடுத்தடுத்த மாடிகளில் நடக்கும்போது, ஃபயர்வால் இணையத்தை நோக்கி மட்டுமல்லாமல் மாடிக்கும் மாடிக்கும் இடையிலும் நிற்க வேண்டியிருந்தது. 1996இல் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி 10 என்று தொடங்கும் முகவரிகளை எந்த நிறுவனமும் தன் உள்வலையமைப்பில் பயன்படுத்தலாம் என்பதால், இரு வாடிக்கையாளரின் கணினிகளுக்கு ஒரே முகவரி அமைவதும் உண்டு. அப்போது முகவரியை மாற்றிக் கொடுத்துக் குழப்பம் தீர்ப்பதும் பெரும்பாலும் ஃபயர்வாலின் பொறுப்பாயிற்று.

எல்லையில் மட்டும் காவல் போதாது என்பதை 2003ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. ஜனவரியில் 376 பைட் அளவே கொண்ட ஸ்லாம்மர் என்ற வோர்ம், தாக்கக்கூடிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் பிடித்தது. அது நுழையும் 1434ஆம் போர்ட்டை மூடியிருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினர். ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் என்ற மற்றொரு வோர்மோ, வீட்டில் தொற்றிய லேப்டாப்பின் வழியே ஃபயர்வாலைத் தாண்டிப் பல அலுவலகங்களுக்குள் நுழைந்தது. அதன் பின் உள்வலையமைப்பைக் கூறுபோடும் வழக்கம் எங்கும் வலுப்பெற்றது. ஓ.டி.சி. முறையில் பழகியவர்களுக்கு அது புதிய பாடமல்ல.

இத்தொழிலின் உண்மையான சுமை கருவியில் அல்ல, விதிப்பட்டியலில் இருக்கிறது. ஒரு திட்டத்துக்காகத் திறந்த வழி, திட்டம் முடிந்த பிறகும் திறந்தே கிடக்கும். யார் கேட்டது, ஏன் கேட்டது என்று தெரியாததால் அதை நீக்க எவரும் துணிவதில்லை. ஆயிரக்கணக்கில் வளரும் இத்தகைய விதிகளையும், நாள்தோறும் குவியும் பதிவுகளையும் படித்துச் சொல்லவே தனி மென்பொருள்கள் தோன்றின. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஜோஹோ ஆகி, இன்று கூடுவாஞ்சேரியை அடுத்த வளாகத்திலிருந்து இயங்கும் நிறுவனம் அவற்றில் ஒன்றைத் தயாரிக்கிறது. வேலி போட வந்த புறநகர், வேலியைக் கண்காணிக்கும் கருவியை உலகுக்கு விற்கத் தொடங்கியது கவனிக்கத்தக்கது.

மெப்ஸ் 2003 ஜனவரி 1 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய மண்டலங்களைச் சுங்க எல்லைக்கு வெளியேயுள்ள பகுதியாகவே கருதியது. ஆகவே 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மண்டலங்களில் இயங்கிய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலிகளைத் தாண்ட வேண்டியிருந்தது: தீர்வையின்றி வாங்கிய கணினியை வாயிலுக்கு வெளியே கொண்டுபோக அரசின் இசைவு ஒருபுறம், வாடிக்கையாளரின் வலையமைப்பைப் பணியாளரின் வீடு வரை நீட்ட அந்த வாடிக்கையாளரின் இசைவு மறுபுறம். பின்னதை இயலச் செய்தது வி.பி.என்., அதாவது பொது இணையத்தின் ஊடே பூட்டிய மொழியில் தகவலைக் கொண்டுசெல்லும் தனிவழி. 2022 ஜூலையில் மத்திய வணிகத் துறை சேர்த்த 43ஏ விதி, மண்டல நிறுவனங்களின் பணியாளரில் 50 விழுக்காடு வரை வீட்டிலிருந்து பணிபுரிய இசைவளித்தபோது, லேப்டாப்புடன் வி.பி.என். போன்ற பாதுகாப்பான இணைப்பையும் நிறுவனமே தர வேண்டும் என்று எழுதியது.