நுண்ணோக்கிக்கு முன்னே ஒரு நல்ல சொல்

தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர் காசநோயை 'எலும்புருக்கி' என்று அழைத்தனர். நெல்லைச் சீமையின் பெருமைக்குரிய எழுத்தாளர் புதுமைப்பித்தன், 1948-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, தம் 42-ஆம் வயதில் மறைந்ததும் இந்நோயினால்தான். அப்போது இந்நோயின் கிருமி கண்டறியப்பட்டு 66 ஆண்டுகள் கடந்திருந்தன.

1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் ராபர்ட் காக் அக்கிருமியை உலகுக்கு அறிவித்தார். ஏர்லிக், சீல், நீல்சன் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் சாயமேற்றும் முறையை விரைவிலேயே செம்மைப்படுத்தினர். சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசி, சிவப்புச் சாயமிட்டுச் சூடேற்றி, அமிலத்தால் கழுவினால் மற்றவையெல்லாம் நிறமிழக்கும். மெழுகுறை போர்த்திய காசக்கிருமியோ சிவப்பை விடாது. நீலச் சாயப் பின்னணியில் சிவந்த சிறு கோல்களாக நுண்ணோக்கியில் தெரியும். எளிய முறை, செலவும் குறைவு. ஆனால் ஒரு மில்லி லிட்டர் சளியில் ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளேனும் இருந்தால்தான் அவை கண்ணுக்கு அகப்படும்.

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே மருந்துண்பவரும் சானடோரியத்தில் தங்குபவரைப் போலவே குணமடைவர் என்று அம்மையம் 1959-இல் நிறுவியது. மருந்து வீடு தேடி வரலாம் என்றானபின், நோயாளியைக் கண்டறிவதே முதற்பணியாயிற்று. 1962-இல் உருவான தேசியத் திட்டம் சளிப் பரிசோதனையைச் சாதாரண மருத்துவ நிலையங்களிடம் ஒப்படைத்தது.

அது சரியான முடிவே என்பதை, கர்நாடகத் தும்கூர் மாவட்டத்தில் பானர்ஜி, ஆண்டர்சன் இருவரும் நடத்தி 1963-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. கிருமியைச் சுமந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே மருத்துவ நிலையங்களை நாடியிருந்தனர். அவர்களிற் பலருக்கும் கிடைத்தது இருமல் மருந்து மட்டுமே. ஏழைகள் அறியாமையால் வாராதிருந்தனர் என்ற எண்ணம் பொய்த்தது. வந்தவர்களை நாம்தான் கேளாது அனுப்பியிருந்தோம்!

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். சுற்றிய பீடிக்கே கூலி. மூன்று முறை சளி தருவதற்காக இரண்டு நாள் அலைந்தால் அந்நாட்களின் கூலி போயிற்று. முதல் நாள் வந்தவர் மறுநாள் வாராமற்போவதில் வியப்பென்ன? இரண்டு மாதிரிகளே போதும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2007-இல் அறிவித்தது. இரண்டையும் ஒரே நாளில் பெறலாம் என்று 2011-இல் கூறியது. கிருமியை இருளில் ஒளிரச்செய்யும் எல்.இ.டி. விளக்கு நுண்ணோக்கியையும் அவ்வாண்டே பரிந்துரைத்தது. அதில் குறைந்த நேரத்தில் அதிகப் பரப்பைக் காணலாம். மின்கலத்தாலும் அது இயங்கும்.

இவை அனைத்தினும் எளிய சீர்திருத்தம் ஒன்றுண்டு. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில், சளியை எவ்வாறு வெளிக்கொணர வேண்டும் என்று நோயாளிகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 2007-இல் வெளியாயிற்று. அறிவுரை பெறாத பெண்களில் 100-க்கு 8 பேரிடமே கிருமி தென்பட்டது. பெற்றவர்களிலோ 13 பேரிடம்! பிறர் முன் காறி உமிழக் கூசும் பெண், சளிக்குப் பதிலாக எச்சிலைத் தந்துவிடுகிறாள். அறிக்கை 'நோயில்லை' என்கிறது. அவளும் நம்பி வீடு திரும்புகிறாள். அவள் மடியில் குழந்தை.

இன்று மரபணுச் சோதனைகள் வந்துவிட்டன. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவியை உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் ஏற்றது. நுண்ணோக்கிக்குத் தப்பும் கிருமியையும் இவை கண்டுபிடிக்கும். ஆயினும் குப்பியில் இருப்பது எச்சில் என்றால் எக்கருவிதான் என் செய்யும்? "அம்மா, கூச்சப்படாதீர்கள். மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டா, பணமும் வேண்டா. அவள் பொருட்டு ஒரு நிமிடம் நின்றால் போதும்.