மருத்துவ ஆய்விதழ்களின் பதிப்பு நெறி: செங்கற்பட்டிலிருந்து தண்டலம் வரை

ஒரு கட்டுரையை ஏற்பதற்கு முன் அதை எழுதியவர்களிடம் மருத்துவ ஆய்விதழ் கேட்கும் கேள்விகளின் தொகுப்பே பதிப்பு நெறி எனப்படுகிறது. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒப்புதல் தந்தார்களா, நெறிமுறைக் குழு அனுமதித்ததா, பெயர் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் உழைத்தவர்கள்தாமா, பணம் எங்கிருந்து வந்தது, தரவுகளும் சொற்களும் சொந்தமானவையா என்பவை அவற்றுள் முதன்மையானவை. இக்கேள்விகள் ஆய்விதழ்களோடு சேர்ந்து பிறந்தவை அல்ல. 1978 ஜனவரியில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடியபோது அவர்கள் நோக்கம் கையெழுத்துப்படிகளின் வடிவத்தை ஒரே சீராக்குவது மட்டுமே. அந்தக் குழுவே பின்னர் பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவாக வளர்ந்து, யார் ஆசிரியர், யார் ஆசிரியர் அல்லர் என்பதுவரை வகுத்தது. பதிப்பு நெறிக் குழு லண்டனில் தொடங்கியது 1997இல்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டித் திருப்பெரும்புதூர் போகும் வழியில் உள்ள தண்டலம் இந்த வரலாற்றில் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையின் கார் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள இவ்வூரில் சவீதா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அப்பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி பற்றி 2023இல் எழுந்த கேள்வி, ஆய்வுக் கட்டுரைகளை எண்ணி மதிப்பிடும் முறையையே உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, தண்டலம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த நாளில், அதே மாவட்டத்தின் சிற்றூர்களில் நடந்த ஓர் ஆய்வு, விரும்பத்தகாத முடிவை எப்படி வெளியிடுவது என்பதற்கு எடுத்துக்காட்டாக அமைந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

செங்கற்பட்டு ஆய்வு

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவில் பெருமளவில் போடப்படத் தொடங்கியது 1940களின் இறுதியில். சென்னை கிண்டியில் 1948இல் தடுப்பூசித் தயாரிப்புக்கூடம் ஏற்பட்டது. எதிர்ப்பும் உடனே கிளம்பியது. எதிர்த்தவர்களில் மிகப் பெரிய பெயர் ராஜாஜியுடையது. 1955இல் அவர் இந்தத் தடுப்பூசிக்கு எதிராகத் தனியே ஒரு சிறு நூலையே வெளியிட்டார். அரசு மருத்துவர்கள் தடுப்பூசி பயனுள்ளது என்றார்கள். ஆனால் உலகின் வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்திருந்தன. பிரிட்டனில் நல்ல பாதுகாப்பு, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மிகக் குறைவு.

இந்தக் கேள்வியைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ஒத்துழைப்போடும் 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆய்வைத் தொடங்கியது. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு மருந்தில்லாப் போலி ஊசி என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. தடுப்பூசியிலும் அதிக அளவு, அதில் பத்தில் ஒரு பங்கு என இரண்டு அளவுகள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்று ஊடுகதிர்ப் படமும் சளிப் பரிசோதனையும் எடுத்தார்கள். இத்தனை பேரைப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த தடுப்பூசி ஆய்வுகள் உலகில் மிகச் சில.

முதல் முடிவு 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. ஏழரை ஆண்டுப் பின்தொடர்தலில் தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் காசநோய் ஏற்படுவதில் வேறுபாடு இல்லை. முழுப் பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. தொடக்கத்தில் நோய்த்தொற்று இல்லாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்கு நோய் கண்டது. அதிக அளவு தடுப்பூசி பெற்ற குழுவில் 189, குறைந்த அளவு பெற்றதில் 191, போலி ஊசி பெற்றதில் 180. குழந்தைகளிடம் மட்டும் 27 விழுக்காடு அளவுக்குச் சிறு பாதுகாப்பு தென்பட்டது. அதுவும் புள்ளியியல்படி உறுதியானதல்ல.

இந்த எண்களை வெளியிடுவது எளிதாக இருந்திருக்காது. நாடு முழுவதும் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த அரசின் சொந்த ஆய்வுக் கழகம், அது பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தன் சொந்த இதழிலேயே அச்சிட்டது. எதிர்ப்பாளர்கள் சொன்னதுதான் சரி என்று யாரேனும் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முழுத் தரவும் வெளியே இருந்ததால் நடந்தது வேறு. இந்த ஆய்வு எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. அவற்றைத் தடுப்பூசி தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகள் சான்றாயின. இன்றும் பிறந்தவுடன் குழந்தைக்கு பி.சி.ஜி. போடப்படுவது அதனால்தான்.

1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆசிரியர் என்று தனி மனிதர் எவர் பெயரும் இல்லை. 'காசநோய் ஆராய்ச்சி மையம், சென்னை' என்று நிறுவனத்தின் பெயர் மட்டுமே உள்ளது. முப்பது ஆண்டு உழைப்பு. அந்தக் கட்டுரையைக் காட்டி எவரும் பதவி உயர்வு கேட்டிருக்க முடியாது.

இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்வதும் சரியாகாது. மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கான முதல் நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டதே 1980இல்தான். செங்கற்பட்டு ஆய்வு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பினால் முதலில் கேட்கப்படும் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் அன்று நடைமுறையில் இல்லை. மருந்தாய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்யும் இந்தியப் பதிவகம் 2007 ஜூலையில் தொடங்கி, 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாயிற்று. பிடிக்காத முடிவு வந்தால் ஆய்வையே மறைத்துவிடும் பழக்கத்துக்கு எதிரான ஏற்பாடு அது.

கட்டற்ற அணுகல்

செங்கற்பட்டு ஆய்வின் முடிவைப் படிக்க 1980களில் ஒரு மாவட்ட மருத்துவர் விரும்பினால் சென்னையில் நல்ல நூலகம் ஒன்றைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வெளிநாட்டு இதழ்களின் சந்தா பெரும்பாலான கல்லூரிகளுக்கு எட்டாதது. இணையம் வந்தபின் இந்தத் தடையை உடைக்க முனைந்தவர்களில் சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் முக்கியமானவர். 2004 மே மாதம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் கட்டற்ற அணுகல் பற்றிய பயிற்சிப் பட்டறைகள் நடக்க அவரே காரணம். மும்பையில் டி.கே. சாகு தொடங்கிய மெட்நோ நிறுவனம் இந்திய மருத்துவச் சங்கங்களின் இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்தது. அவற்றில் பல எழுதுபவரிடமும் கட்டணம் வாங்கவில்லை. 2011இல் அதை வோல்ட்டர்ஸ் க்ளூவர் வாங்கியது.

படிப்பவர் பணம் தர வேண்டாம் என்றால் யாரேனும் தந்தாக வேண்டும். எழுதுபவரே தரட்டும் என்பது ஒரு விடை. அதற்குள்ளேயே ஒரு சிக்கலும் இருந்தது. கட்டுரையை நிராகரித்தால் இதழுக்கு வருமானம் இல்லை. 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் என்பவர், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று சொல்லும் பிழை மலிந்த போலிக் கட்டுரை ஒன்றை 304 கட்டற்ற இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அத்தகைய இதழ்களுக்கு முதன்மையான இருப்பிடம் இந்தியா என்பதும் அதில் தெரியவந்தது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கட்டற்ற இதழ்களின் பன்னாட்டு அடைவு தன் விதிகளைக் கடுமையாக்கி, மறுவிண்ணப்பம் செய்யாத சுமார் 3,300 இதழ்களை 2016இல் நீக்கியது.

எண்ணிக்கைக்கு வந்த மதிப்பு

கெட்ட இதழ்கள் இந்தியாவில் பெருகியதற்கு அவற்றை நடத்தியவர்களின் பேராசையை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். வாங்குபவர் இல்லாமல் கடை நடக்காது. ஆசிரியப் பணியில் உள்ள மருத்துவர் பதவி உயர்வு பெற ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2009இல் விதி செய்தது. அதே ஆண்டு, முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. காலை புறநோயாளிப் பிரிவு, மதியம் வகுப்பு, இரவுப் பணி என்று ஓடும் மருத்துவருக்கு ஆய்வு செய்ய நேரமோ நிதியோ தராமல் கட்டுரையை மட்டும் கேட்டால் அவர் எங்கே போவார்?

2015இல் மருத்துவக் கழகம் அந்த விதிக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. மின்னிதழ்கள் கணக்கில் வாரா. முதல் இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டுமே மதிப்பு. ஏற்கப்படும் அடைவுகள் இவை இவை என்றது. அந்தப் பட்டியலில், தரமற்ற இதழ்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டிருந்த ஓர் அடைவும் இருந்தது. நல்ல மின்னிதழ் வெளியே, மோசமான அச்சிதழ் உள்ளே. இதை எதிர்த்து இந்திய மருத்துவ இதழாசிரியர் சங்கத்தின் சார்பில் ராகேஷ் அகர்வால், நித்யா கோக்டே, ராஜீவ் குமார், பியூஷ் சாகனி ஆகியோர் எழுதிய தலையங்கம் 2016இல் பல இந்திய இதழ்களில் வெளியானது. இதழாசிரியர்கள் தங்கள் போட்டியை மறந்து ஒரே குரலில் பேசிய அரிய தருணம் அது. விதி மாற மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2020இல் மின்னிதழ்த் தடை நீங்கியது. கட்டற்ற இதழ்களின் பன்னாட்டு அடைவும் ஏற்புப் பட்டியலில் சேர்ந்தது.

இதற்குள் எண்ணிக்கை தனி மனிதரிடமிருந்து நிறுவனத்துக்குத் தாவிவிட்டது. மத்திய அரசின் தேசிய நிறுவனத் தரவரிசை 2016இல் முதன்முதலாக வெளிவந்தது. கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் அவை பெறும் மேற்கோள்களுக்கும் அதில் கணிசமான மதிப்பெண். பல் மருத்துவத்துக்கான தனிப் பட்டியல் 2020இல் சேர்ந்தது.

தண்டலத்தின் மீது விழுந்த வெளிச்சம்

2022ஆம் ஆண்டுப் பல் மருத்துவப் பட்டியலில் முதலிடம் சவீதாவுக்கு. 2023 ஜூனில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் அமைப்பும் 'சயின்ஸ்' இதழும் சேர்ந்து அக்கல்லூரி பற்றிய புலனாய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டன. கல்லூரியின் பெயரில் 2022இல் மட்டும் ஏறக்குறைய 1,400 ஆய்வு வெளியீடுகள் வந்ததை அது சுட்டியது. இளநிலை மாணவர்கள் சுமார் 500 பேர், நான்கு மணி நேரத் தேர்வாக 1,500 சொல் அளவுள்ள கையெழுத்துப்படியை எழுதுவதையும், அவற்றில் பல பின்னர் இதழ்களில் வெளியாவதையும், அவற்றின் மேற்கோள் பட்டியலில் அதே கல்லூரியின் கட்டுரைகள் மிகுந்திருப்பதையும் அது விவரித்தது. தரவரிசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதே அது எழுப்பிய கேள்வி. அது ஒரு பத்திரிகைப் புலனாய்வே தவிர, நீதிமன்றத்தின் தீர்ப்பு அல்ல.

தன் நிறுவனத்தின் முந்தைய ஆய்வை மேற்கோள் காட்டுவது தவறில்லை. செங்கற்பட்டு ஆய்வின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரை தன் முதல் அறிக்கையை மேற்கோள் காட்டாமல் இருந்திருந்தால்தான் குறை. சொல்ல வந்த செய்திக்கு அந்த மேற்கோள் தேவையா என்பதுதான் அளவுகோல். தேவையற்ற மேற்கோளால் யாருக்கும் நேரடியாக உடம்புக்குத் தீங்கில்லை என்றும் சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் மருத்துவர் ஒரு சிகிச்சை முறையைத் தேடும்போது, அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரையே தேடுபொறியில் முதலில் வருகிறது. அந்த வரிசையை நம்பித்தான் அவர் படிக்கத் தொடங்குகிறார்.

இதில் இதழாசிரியர்களின் பங்கு குறைவாகவே பேசப்பட்டது. 1,400 வெளியீடுகளும் ஏதோ ஒரு மேசையைத் தாண்டித்தான் வந்தன. தேவையற்ற மேற்கோள்களை நீக்கச் சொல்லும் உரிமை ஒவ்வோர் இதழாசிரியருக்கும் மதிப்பாய்வாளருக்கும் உண்டு. பதிப்பு நெறிக் குழு மேற்கோள் கையாளுதலைப் பற்றித் தனி ஆவணமே 2019இல் வெளியிட்டிருந்தது. உலக அளவிலும் அந்த ஆண்டு சோதனையான ஆண்டு: 2023இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் 10,000க்கு மேல், அவற்றில் பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே கட்டற்ற பதிப்பகத்துடையவை.

பின்னர் வந்த மாற்றங்கள்

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை 2025இல் தேசியத் தரவரிசைக்குள் வந்தது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 விதிகளிலேயே கைவிட்டிருந்தது. தரமான இதழ்கள் எவை என்று காட்ட அது முதலில் வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் ஒரே நாளில் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அதற்குப் பதிலாக வந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. நல்ல இதழ் எது என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது அந்தந்தக் கல்வி நிறுவனத்திடமே உள்ளது. கட்டுரை எண்ணிக்கையால் தரவரிசை பெறும் அதே நிறுவனம்தான், அந்தக் கட்டுரைகள் எந்த இதழில் வெளியானால் ஏற்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.